கைக்குட்டைக்கு இடம், கர்ப்பிணிக்கு லாஜிக்

போன திங்கட்கிழமை காலை தாம்பரத்தில் பீச் ஸ்டேஷன் போகும் மின்சார வண்டி பிடித்தேன். வழக்கமாக ஏறும் அதே பெட்டி. வழக்கம் போல உட்கார இடம் இல்லை. இல்லை என்று சொல்வதும் தப்பு... ஒரே ஒரு இடம் இருந்தது. அதில் ஒரு கைக்குட்டை உட்கார்ந்திருந்தது.

தினம் போய் வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஏறுகிறவர் சிநேகிதனுக்காகத் துணி போட்டு வைப்பார். சிநேகிதன் குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ சாவகாசமாக ஏறுவான். அதுவரை துணி பிரயாணம் செய்யும் — டிக்கெட் இல்லாமல்.

இந்தத் துணிக்குக் காவல், சேகர். எதிரே வில்சன். இருவரும் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்கள், ஒரே ஆபீஸில் குமாஸ்தாக்கள். சீக்கிரமே ஆபீசர் பரீட்சை எழுதப் போகிறார்கள். படிப்பெல்லாம் வண்டியில்தான். வில்சன் மடியில் சைக்ளோஸ்டைல் செய்த கேள்வித்தாள்.

அதில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் மறுப்பார். மறுத்தது நியாயமா என்பது கேள்வி இல்லை. மறுத்தவர் கையாண்ட உத்தி என்ன என்பதுதான் கேள்வி. 'சிகரெட் பிடிக்காதே' என்கிறார் டாக்டர். 'நீங்களே பிடிக்கிறீர்களே' என்கிறான் நோயாளி. உத்தி என்ன? சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரைத் தாக்குவது. டிக் அடித்தால் மார்க். நல்ல படிப்புதான். நான் குறை சொல்லவில்லை.

வண்டி கிளம்பும் சமயத்தில் ஒரு அக்காவும் தங்கையும் மூச்சு வாங்க ஏறினார்கள். தங்கைக்கு நிறை வயிறு. எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம்.

அக்கா கைக்குட்டையைக் காட்டினாள். "தம்பி, அந்தத் துணிய எடுத்துக்கோப்பா. பொண்ணு குந்தட்டும்."

"ஆள் வருதும்மா," என்றார் சேகர்.

"எங்கப்பா கீது ஆளு?"

"குரோம்பேட்டையில ஏறுவாரு."

"வராத ஆளுக்கு சீட்டு, வந்த ஆளு நிக்கணுமா?"

"இன்னிக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா."

"நாளைக்கு எல்லாரும் வயித்தைத் தள்ளிக்கினு வருவாங்களா? இன்னா பேச்சுப்பா இது?"

வில்சன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா மச்சான். எதிராளி வாதத்தைக் கடைசி வரைக்கும் இழுத்து அபத்தமாக்கறது. நேத்து படிச்சோமே."

சேகருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "ஏம்மா, லேடீஸ் பெட்டிக்குப் போகலாமே?"

"இது திசை திருப்பறது," என்றார் வில்சன். இருவரும் சிரித்தார்கள்.

"லேடீஸ் பெட்டி அந்தக் கோடியில கீது. இவ ஓடுவாளா? உன் வூட்டுப் பொம்பளைன்னா இப்டி நிக்க வெச்சிட்டு சிரிப்பியா?"

"ஒப்புமை," என்றார் சேகர்.

"இல்ல மச்சான், இரக்கத்தைத் தூண்டறது."

"ஒப்புமைதான்டா. என் வீடு, அவங்க வீடு..."

இதற்கு ஒரு சண்டை. சானடோரியம் வந்து போயிற்று. அந்தப் பெண் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. பெட்டியில் மற்றவர்களும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவசர வேலை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த இடத்தைக் குடுய்யா," என்றேன் சேகரிடம்.

"நீங்க எழுந்து இடம் குடுத்தீங்களா சார்?" என்றார் சேகர்.

"நான் நின்னுக்கிட்டுதானே இருக்கேன்?"

சேகர் வில்சனைப் பார்த்தார். வில்சன் கேள்வித்தாளைப் பார்த்தார்.

குரோம்பேட்டையில் அந்தச் சிநேகிதர் ஏறினார். கைக்குட்டையை எடுத்துச் சேகரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தார். "எந்தக் கேள்வியில இருக்கீங்க?" என்றார்.

சேகர் கைக்கு அது போகவில்லை. நடுவில் அக்கா பிடுங்கினாள். அவர்கள் காலடியில், தரையில் விரித்தாள். "துணி போட்டா இடம் நம்மள்துதானே? குந்தும்மா."

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் காலை மடக்கிக்கொண்டார்கள். எழுந்திருக்கவில்லை — காலை மடக்கிக்கொண்டார்கள்!

ஒரு முரடன் இடம் தர மாட்டேன் என்றால் சண்டை போடலாம். இவர்களோடு என்ன செய்வது? எதிராளி பேச்சுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் பதில் சொல்லியாயிற்று என்று நினைக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு விளக்குக் கேட்டு ஓர் அதிகாரியிடம் போனோம். எங்களில் ஒருவர் பேசியதும் 'உணர்ச்சிவசப்படாதீங்க' என்றார். இருட்டில் விழுந்து பல் போனவர் வேறு எப்படிப் பேசுவார்?

இந்த மூன்று பேரும் பாஸ் செய்வார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆபீசராகி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள். நாம் இந்தப் பக்கம் நிற்போம்.

எழும்பூரில் அக்கா தங்கையைத் தூக்கி நிறுத்தி, மெதுவாக இறக்கிக் கூட்டிப் போனாள். வண்டி நகர்ந்ததும் வில்சன் என் பக்கம் திரும்பினார். கேலி இல்லை... நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், நீங்களே சொல்லுங்க. அந்தம்மா பேசினதுல உத்தி என்ன?"

"உத்தி ஒண்ணும் இல்லைய்யா. அந்தப் பொண்ணுக்குக் கால் வலிச்சுது."