பூச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தது

ஒன்பது வயதிலேயே எனக்குக் கலியாணத் தரகு வேலை வந்து சேர்ந்தது. மணப்பெண் ஒரு தென்னமெரிக்கப் பட்டுப்பூச்சி.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாத்தியார் ஒரு பூச்சிப் பைத்தியம். அவர் வளர்த்த புழுக்கள் தின்று கொழுத்துக் கூடு கட்டியதும், எனக்கு ஒரு கூடும் ரொக்ஸ்பரோவிலிருந்து வரும் பையனுக்கு ஒரு கூடும் தந்தார். பனிக்காலம் முழுவதும் என்னுடையது அம்மா சமைக்கும் குசினி யன்னலில் தொங்கியது. மே மாதம் ஒரு காலை, என் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் செங்கபில இறக்கை விரித்து ஒருத்தி வெளியே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு இறக்கையிலும் கண்ணாடி பதித்ததுபோல் ஒரு முக்கோணம். அதற்குள்ளால் திரைச்சீலைப் பூவெல்லாம் தெரிந்தது.

வாத்தியாருக்குப் போன் எடுத்தேன்.

"தலையில இருக்கிற கொம்பு சிறகு மாதிரி அகலமோ, மெல்லிசோ?"

"மெல்லிசு, சேர்."

"அப்ப பொம்பிளை. அதுக்கு வாய் இல்லை, பிள்ளை. புழுவா இருக்கேக்க தின்டதோட சரி. ஒரு கிழமை, ஏழு நாள்தான் இருக்கும். அதுக்குள்ள ஆண் கிடைச்சால்தான் முட்டை பொரிக்கும்."

ஒரு கிழமை! உடனே ரொக்ஸ்பரோப் பையனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். தன்னுடையது ஆம்பிளைதான் என்று சத்தியமே செய்தான்.

"உந்தச் சனியனைக் கொண்டுபோய் எறி" என்று அதுவரை கத்திக்கொண்டிருந்த அம்மா, ரொக்ஸ்பரோ என்றதும் போனைப் பறித்து அந்தப் பையனின் தாயோடு அரை மணித்தியாலம் கதைத்தார். "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போவம்" என்றார். எங்களோடு இருந்த அம்மாவின் தங்கச்சி, ஞாயிறென்றால் மத்தியானம் வரை நித்திரை கொள்ளும் சித்தி, அன்று விடிய எழும்பிக் குளித்து நீலச் சேலை உடுத்தாள்.

"பூச்சி பாக்கப் போறதுக்குச் சீலை எதுக்கு, சித்தி?"

"நான்தானே பொம்பிளைத் தோழி!"

அங்கே ரோல்ஸ் என்ன, கேசரி என்ன! பையனின் சித்தப்பா மடிப்புக் குலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என் பெட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் தன் பெட்டியைத் திறந்தான். குனிந்து பார்த்தேன். மெல்லிய கொம்பு!

"ஐயோ, இதுவும் பொம்பிளை!"

நான் ஓவென்று அழ, வீடே சிரித்தது. அந்தச் சித்தப்பாவும் என் சித்தியும் மட்டும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்து கொம்பைப் பற்றி நெடுநேரம் கதைத்தார்கள். அம்மா இரண்டாம் தரமும் கேசரி வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக் கதவைத் திறந்த அப்பா, "காயோ, பழமோ?" என்றார்.

"பழம்தான்!" என்றார் அம்மா.

"பொய்! காய்! ரெண்டும் பொம்பிளை!" என்று கத்தினேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாலாம் நாள், பொரிக்காத முட்டைகளைத் திரைச்சீலையில் இட்டுவிட்டு என் பூச்சி செத்துப்போனது. இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் ரொக்ஸ்பரோக்காரர் பூவும் பழமுமாகத் தட்டங்கள் ஏந்தி எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவழியாக ஆண் பூச்சி கிடைத்துவிட்டதாக்கும் என்று நினைத்த நான், கதவை மறித்துக்கொண்டு, "இனி வந்து என்ன பிரயோசனம்? அவள் செத்துப்போனாள்!" என்றேன்.