சிலுவையம்மாள் வீட்டு வெளிச்சுவர்

சிலுவையம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தெருவே சொல்லும். அருவருப்பும் அவளுக்கு அங்கேதான் குடியிருந்தது. காசிமேட்டில் மீன் விற்கிறவள். விடிந்ததிலிருந்து கையெல்லாம் செதிலும் குடலும். "மீன்காரிக்கு இன்னாடி அவ்ளோ மூக்கு?" என்று யாராவது கேலி செய்தால் விடமாட்டாள். "மீன் நாத்தம் சோறு போட்ற நாத்தம். இது இன்னாத்தப் போடுது?" என்பாள்.

'இது' என்றால் அவள் வீட்டு வாசல்.

ராயபுரத்தில், துறைமுகம் போகிற சாலையும் சந்தும் சேரும் முனையில் வீடு. உள்ளே விடும்வரை கன்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் வரிசைகட்டி நிற்கும். இறங்குகிற டிரைவரும் கிளீனரும், அவர்களைப் பார்த்துத் துணிச்சல் வந்த உள்ளூர்க்காரர்களும், ஒருவர் பாக்கியில்லாமல் ஒன்றுக்கு ஒதுங்குகிற இடம் அவளுடைய வெளிச்சுவர். பெய்தது பெய்தபடி ஓடிவந்து வாசல்படியில் தேங்கும். சுவரில் காரை உதிர்ந்து, செங்கல் உப்புப் பூத்துப்போய், வெயில் ஏற ஏற வீச்சம் உள்ளே வந்து சோற்றுத் தட்டில் உட்காரும். பினாயில் ஊற்றினால் இரண்டும் கலந்து புதிதாக ஒரு நாற்றம். சீ, இதெல்லாம் மனிதப் பிறவியா என்று அவள் சபிக்காத நாளில்லை. கையும் களவுமாகப் பிடித்துக் கத்தினாலும் எவனும் பாதியில் நிறுத்தியதில்லை.

கணவர் சவரிநாதன் ரயில்வேயில் கலாசி. எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். "ரோட்டு மேல வூட்ட வச்சிகினு மூக்கப் புடிச்சா ஆவுமா?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார். அந்த நாற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடிகிற மனுஷன் மீதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது.

மகள் கிறிஸ்டினாவைப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து வந்தார்கள். பையன் சாவியோ, கம்பெனியில் ஃபிட்டர். இருவருக்கும் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. ஆனால் பையனின் அம்மா தங்கபுஷ்பம் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படியேறினாள். கொடுத்த காபியைத் தொடவில்லை. பிறகு தரகரிடம் சொல்லியனுப்பினாள்: "பொண்ணு தங்கம். ஆனா நிச்சயத் தட்டத் தூக்கிகினு அந்தக் கலீஜ மிதிச்சிகினா எங்க சனம் வரும்? வாசல சரி பண்ணட்டும், அப்பால பேசலாம்."

சிலுவையம்மாளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். கிறிஸ்டினா தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோனாள். பெண்ணின் கல்யாணமே அந்த வாசலைத் தாண்ட முடியாமல் நிற்பதாகத் தாய்க்குப் பட்டது.

கொத்தனார் சௌக்கத் அலியைக் கூப்பிட்டாள். படியை உயர்த்தி வழவழப்பான கடப்பைக்கல் போட்டார். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலிருந்து கிரில் கேட் வந்தது. மேலே ஒரு வளைவு, அதில் 'நல்வரவு' என்று எழுதிய டைல்ஸ். "யாருக்குடி நல்வரவு, லாரிக்காரனுக்கா?" என்றார் சவரிநாதன்.

அதுதான் கேள்வி. சுவரில் அந்தோணியார் படம் போட்ட டைல்ஸ் பதிக்கச் சொன்னாள். சௌக்கத் அலி தலையை ஆட்டினார்.

"ஒருத்தர் மட்டும் தாங்கமாட்டாருக்கா. அந்தோணியாருக்கு பயப்படாதவன் புள்ளையாருக்கு பயப்படுவான். ரெண்டு பேருக்கும் பயப்படாதவன் மெக்காவப் பாத்தா ஒதுங்குவான். மூணயும் ஒட்டிடலாம்."

மூன்றையும் நடுச்சுவரில் ஒட்டினார்கள். மறுநாளே எல்லோரும் பயபக்தியோடு ஒரு முழம் தள்ளி நின்று பெய்தார்கள். தலையிலடித்துக்கொண்டு, சுவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இடைவெளியே இல்லாமல் சாமிகளை ஒட்டச் சொன்னாள். அதன்பின் சுவர் காய்ந்தது. வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள்; கடல்காற்றுதான் வந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. உள்ளே உயிரோடு ஒரு குடும்பம் இருந்து சாப்பிடுகிறது என்று நிறுத்தாதவன், சுவரில் ஒட்டிய டைல்ஸுக்காக நிறுத்துகிறானே, த்தூ என்றிருந்தது.

வாசல் சரியாகிவிட்டதென்று தரகரிடம் சொல்லியனுப்ப, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். சாவியோவின் அப்பா சூசைமாணிக்கம் முதலில் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தோணியாரைத் தொட்டு முத்தமிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். கேட்டருகே நின்ற சிலுவையம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் சுவரை இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பார்த்தார். காலி இடம் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் கர்ச்சீப்பை எடுத்து உதறி, அந்தோணியார் முகத்தை மூடி, அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வேட்டியை ஒதுக்கிச் சுவரிலேயே போய்விட்டார்.

"அண்ணே! இன்னாண்ணே இது!"

தங்கபுஷ்பம்தான் பதில் சொன்னாள். "வண்டி டோல்கேட்லயே மாட்டிகிச்சு. அவருக்கு சுகரு, அடக்க முடியாது. சாமிய மூடிட்டுதான போறாரு?"

"உள்ள பாத்ரூம் கீது. ஒரு வார்த்த கேட்டா இன்னா?"

"நல்ல காரியம் பேச வந்துட்டு, வந்ததும் வராததுமா சம்பந்தி வூட்ல அத்தப் போய் கேப்பாங்களா? மரியாத வேணாம்?"

சூசைமாணிக்கம் கர்ச்சீப்பை மடித்து முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி படியில் கால் வைக்க வந்தார். மரியாதையாம்! சிலுவையம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். "வுடுடி, பொண்ணு வாழ்க்கடி," என்று கையைப் பிடித்த சவரிநாதனை உதறினாள். வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"கழுவிட்டு உள்ள வாங்க."

"இன்னாம்மா, மாப்ள வூட்டுக்காரரப் பாத்து..." என்று தங்கபுஷ்பம் குரலை உயர்த்தினாள். சாவியோ தரையைப் பார்த்தான். வேன் பக்கம் யாரோ திரும்பிப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

பின்னால் கிறிஸ்டினாவின் வளையல் சத்தம் கேட்டது. சிலுவையம்மாளுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பாழாய்ப்போன மூக்கு, பெற்ற பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கிறிஸ்டினா பட்டுப்புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தாயைத் தாண்டிப் படியில் இறங்கினாள். கையிலிருந்த விளக்குமாற்றைச் சூசைமாணிக்கத்திடம் நீட்டினாள்.

"நல்லா தேச்சு வுடுங்க மாமா. தண்ணி மட்டும் ஊத்தினா டைல்ஸ் இடுக்குல நாத்தம் நிக்கும்."