ஆறாவது பாட்டுக்கும் ஏழாவது பாட்டுக்கும் நடுவில்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? பேத்தி பாட்டு சிடி போட்டிருக்கிறாள் என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி... எதைப் பற்றிய பாட்டு? வாங்கிக் கேட்கப் போகிறீர்களா? மாட்டீர்கள். விவரம் மட்டும் வேண்டும்.

மகனும் பேத்தியும் சரி என்றுவிட்டார்கள். சொல்லித் தொலைக்கிறேன்.

பேத்தி செல்விக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு மூன்று பையன்களோடு சேர்ந்து பேண்ட். அந்தப் பாட்டு வகைக்குப் பேர் 'புரோக்ரஸிவ் மெட்டல்' என்கிறாள். ஒரு பாட்டு பதினோரு நிமிடம். தாளம் ஏழில் போகும், திடீரென்று ஐந்துக்குத் தாவும் – ஆட நினைத்தால் கால் சுளுக்கும். எழுதுவதும் இவள்தான், அடித்தொண்டையில் உறுமுவதும் இவள்தான். முதல் இரண்டு சிடியை வாங்கியது அந்த நான்கு வீட்டு ஆட்கள் மட்டும். மூன்றாவதுதான் பிய்த்துக்கொண்டு போயிற்று. இங்கிலீஷ் பேப்பரில் போட்டோவே வந்தது.

அதை யாரோ என் மகன் மாரியப்பனிடம் காட்டியிருக்கிறார்கள். செல்வியின் அப்பா. திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். "சிடி முழுக்க பட்டாசுக் கம்பெனி விபத்தைப் பத்தித்தானாம்ணே" என்று படித்தும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மகள் போன் செய்தால் இவன் எடுப்பதில்லை.

காரணம் இருக்கிறது. செல்விக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு விபத்தில்தான் அவள் அம்மா, என் மருமகள், போனாள். அங்கேயும் இவன்தான் போர்மேன். ரூமுக்கு நாலு பேர், ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் காலி இடம் – அதுதான் சட்டம். சீசன் நேரம், ஆர்டர் நெருக்கியது. ஆறாம் ரூமுக்கும் ஏழாம் ரூமுக்கும் நடுவில், வேப்பமரத்தடியில் பாய் விரித்து வேலை நடந்தது. ஆறில் பிடித்த தீ அந்தப் பாய் வழியாக ஏழுக்குப் போயிற்று.

மகள் தன்னை ஊர் உலகத்துக்குக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று இவனுக்குப் பயம். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால்தான் தெரியுமா?

போன ஞாயிறு காலை செல்வி வந்தாள். சிடியைப் போடச் சொன்னேன். மாரியப்பன் சட்டையை மாட்டினான்.

"எனக்கு வெளிய சோலி இருக்கு."

"இருக்கட்டும்லே, உக்காரு. கலெக்டரு காத்துக் கெடக்காராக்கும்."

உட்கார்ந்தான். முதல் பாட்டில் அலமாரித் தம்ளரெல்லாம் ஆடிற்று. முடிந்ததும் சத்தமே இல்லை.

"ஏட்டி, சிடி நின்னுபோச்சு."

"நிக்கல அப்பத்தா. ஓடுது."

முக்கால் நிமிடம் வெறும் அமைதி. அப்புறம் இரண்டாவது பாட்டு. திரும்பவும் அமைதி.

"எதுக்குட்டி நடுவுல இம்புட்டு நேரம் சும்மா கெடக்கு? வாங்குனவுக சண்டைக்கு வரல?"

"ரிப்பேருன்னு கடையில திருப்பிக் குடுத்தவுகளும் உண்டு அப்பத்தா."

மாரியப்பன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "ரிப்பேரு இல்ல. ரூமுக்கு ரூமு எடம் விட்டிருக்கு."

செல்வி அவனையே பார்த்தாள். "பேப்பர்ல எழுதுனவுக ஒருத்தருக்கும் இது புரியலப்பா."

ஆறாவது பாட்டு முடிந்தது. முடிந்ததா? இடைவெளியே இல்லாமல் நேராக ஏழாவதில் போய் விழுந்தது. மாரியப்பன் எழுந்து பிளேயரை அணைத்தான்.

"சொல்லிட்ட. உங்கம்மாவ உங்கப்பன்தான் கொன்னான்னு சொல்லிட்ட. தப்பில்ல. சரிதான்."

"என்னப்பா சொல்றீக?" நிஜமாகவே விழித்தாள். சிடி அட்டைக்குள்ளிருந்த புத்தகத்தைப் பிரித்து, இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தாள். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன ஒரு பிள்ளை. ரூமுக்குள் வெக்கை என்கிறது. 'மரத்தடிக்கு வாம்மா' என்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. அம்மா வேலையை எடுத்துக்கொண்டு வருகிறாள். பிள்ளை தூக்குவாளி கழுவக் குழாயடிக்குப் போகிறது. திரும்பினால் மரத்தைக் காணோம். அவ்வளவுதான்.

"இதுல போர்மேன் எங்கட்டி வாரான்?" என்றேன்.

"எங்கயும் வரல அப்பத்தா. நான்தான இழுத்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல."

மாரியப்பன் அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினான்.

"நீ வரலைன்னாலும் உங்கம்மா சோறு தின்னுட்டு அங்கனதான் உக்காந்திருப்பா. மரத்தடிக்குன்னு காலையிலயே அவ பேரச் சொல்லிட்டேன். பாய் விரிக்கச் சொன்னதே நான்தான்."

இது எனக்கே புதுசு. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் அவன் அழுதான். செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் உலையில் அரிசி போடப் போனேன்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே பாரம்... தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். நம் வீடுகளில் சில விஷயத்தைச் சொல்ல இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒருத்தருக்கும் புரியாது என்ற தைரியம்தான்.

சாயங்காலம் எதிர்வீட்டு மும்தாஜ் வாசலில் பிடித்துக்கொண்டாள். கூடவே இன்னும் இரண்டு பேர்.

"பெரியம்மா, காலையில செல்வி பாட்டு போட்டீகள்ல... நடுவுல மாரியப்பண்ணன் அழுத மாதிரி கேட்டுச்சே?"

"அதுவும் பாட்டுலதாம்மா வருது" என்றேன்.