ஏழு பெண்களுக்கு நான் போட்ட பயணம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் மட்டும் சேர்ந்து, ஆம்பளைத் துணை இல்லாமல், மலையை விட்டு இறங்கி ஊர் பார்த்துத் திரும்பியது நாங்கள் ஏழு பேர்தான் முதல். அந்தப் பயணத்தைப் போட்டவள் நான். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது கொஞ்ச காலம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பஸ் நெற்றியில் மலாயில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் எனக்கு வெறும் கோடுதான். இருந்தாலும் பயணத்தை நான்தான் போட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பினாங்குக்குப் பாலம் வராத காலம். அந்த வருடம் எங்கள் பக்கத்து மலையில் செடியைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். வெட்டிய செடி துளிர்த்து வரும்வரை கொழுந்து குறைவு, வேலையும் குறைவு. அப்போதுதான் எங்களில் ஒருத்தி, கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, கடல் எப்படி இருக்கும்?"

எங்களில் ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை. எல்லோரும் மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். ரிங்லெட் டவுனுக்குக் கீழே போனதே கல்யாணம், சாவு என்றால்தான். எனக்கு அது சுருக்கென்று பட்டது. அன்றைக்கே கங்காணியிடம் போய் மூன்று நாள் லீவு கேட்டேன், ஏழு பேருக்கும் சேர்த்து.

கங்காணி சிரித்தார். "ஏழு பொம்பளைங்க கீழ எறங்குனா பதினாலு பக்கம் போவீங்க. எவ எங்க நிக்கிறான்னு நான்தான் தேடணும்."

"நீங்க தேட வேணாம் கங்காணி. தொரைகிட்ட நானே கேட்டுக்கறேன்," என்றேன்.

தோட்டத்து மேனேஜர்தான் துரை. வெள்ளைக்காரர் இல்லை, இந்த நாட்டுக்காரர்தான், கொஞ்சம் தமிழ் புரியும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாலாம் நாள் விடியற்காலைப் பெரட்டில் ஏழு பேரும் நிற்க வேண்டும். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையில் நின்று ஆள் கணக்குக் கொடுப்பது. அதில் ஒருத்தி குறைந்தாலும் இனி இந்தத் தோட்டத்தில் பெண்களுக்குச் சேர்ந்தாற்போல லீவு கிடையாது. கங்காணி பக்கத்தில் நின்று தலையாட்டினார். கட்டாயம் ஒருத்தி குறைவாள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது, எனக்கும் வாசிக்க முடிகிற எழுத்தில்.

சாயந்திரம் ஏழு பேரும் என் அடுப்படியில் கூடினோம். அங்கேதான் முதல் தலைவலி. கடல் பார்க்கக் கிளம்பிய கூட்டம், பேசப் பேச ஊர் ஊராக ஏறிக்கொண்டே போனது. ஒருத்திக்குப் பத்துமலை. ஒருத்திக்குச் சிரம்பானில் சித்தி வீடு. ஒருத்திக்குத் தைப்பிங்கில் பிறந்த குழந்தையைப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் மிருகக்காட்சி சாலை. எதிர்வீட்டக்காவுக்கு ஈப்போவில் நாத்தனார்.

வாசலில் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இத்தனை ஊருக்கு பஸ் பத்தாதுலா. ஏரோப்ளேன் சொல்லி வையுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தேயிலை மலையில் காலையில் ஆளுக்கு ஒரு நெரை கொடுப்பார்கள். நெரை என்றால் செடி வரிசை. அடியில் பிடித்த நெரையை முடிவரைக்கும் சுத்தமாகக் கிள்ளி ஏற வேண்டும். பக்கத்து நெரையிலும் துளிர் பளபளக்கிறதே என்று கையை நீட்டுகிறவள் இரண்டையும் அரைகுறையாக விட்டுவிட்டு நிற்பாள். எங்கள் ஏழு பேருக்கும் இது கை அறிந்த விஷயம். அதனால் அதையே சொன்னேன்.

"மூணு நாளுக்கு ரெண்டு நெரைதான். பினாங்கு ஒண்ணு. திரும்பி வர்ற வழியில ஈப்போ முருகன் கோயில் ஒண்ணு. மத்தது எல்லாம் பக்கத்து நெரை. கை வைக்கக் கூடாது."

"சரி, ஈப்போலதான் எறங்குறோமே. நாத்தனா வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தா என்ன?" என்றாள் எதிர்வீட்டக்கா.

"ஒரு எட்டுல எந்த வீட்டு வாசலை விட்டு வந்திருக்கோம்க்கா? உக்காரச் சொல்லுவாங்க. தண்ணி குடின்னுவாங்க. அப்புறம் சோறு. சாப்பிடலைன்னா மூஞ்சி தொங்கும். சாப்பிட்டா பஸ் போயிரும்."

அதற்கு மேல் நான் ஒரு சட்டமே போட்டேன்: ராத் தங்குவதற்கு ஒரு வீடு, அதைத் தவிர எந்தச் சொந்தக்காரர் வீட்டு வாசலும் மிதிக்கக் கூடாது. தங்குகிற வீடு, பினாங்குக்கு இக்கரையில் பட்டர்வொர்த்தில் என் பெரியம்மா மகள் வீடு. எதிர்வீட்டக்கா முறுக்கிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் கூடையைத் தூக்கும்போது, "சரி, வர்றேன்," என்றாள். அந்தச் 'சரி' முழுச் சரி இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளம்பினோம். மலைமேல் கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் வாங்கிய முட்டைக்கோஸ் ஒரு சாக்கு, தங்கப்போகிற வீட்டுக்கு. அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குகிற வளைவுகளில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். தாப்பாவில் ஒரு பஸ், ஈப்போவில் ஒரு பஸ். ஒவ்வொரு இடத்திலும் நான் டிரைவரிடமே வாய்விட்டுக் கேட்டேன், எழுத்துத் தெரிந்த யாரையும் தேடவில்லை. பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்ததும் அன்றைக்கு வேறெங்கும் போகவில்லை. "இன்னும் வெளிச்சம் இருக்கே" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "இருக்கட்டும்," என்றேன்.

மறுநாள் காலையில் பெர்ரி ஏறிப் பினாங்கு. முதலில் தண்ணீர்மலைக் கோயில், பிறகு கடல். பாம்புக் கோயில், மலை ரயில் என்று அங்கே இருந்தவர்கள் வழி சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன், போகவில்லை. கடலோரத்துச் சுவரில் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். மத்தியானச் சோறும் அங்கேதான், சாயந்திரத் தேத்தண்ணியும் அங்கேதான். காலையில் சேறாக இருந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கள் கண் முன்னாலேயே ஏறி வந்ததை அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் பார்த்தோம். கேள்வி கேட்ட அந்தப் பெண் படியில் இறங்கி, கையில் அள்ளி நாக்கில் வைத்தாள்.

"அக்கா! உப்புக் கரிக்குது!"

"பின்ன என்னடி, பால் ஊத்தின தேத்தண்ணியா இருக்கும்?" என்றாள் எதிர்வீட்டக்கா. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சீனக் கிழவரும் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் ஈப்போ. அங்கே பஸ் ஸ்டாண்டில் காலை வைத்ததும் ஒரு வேன் பக்கத்தில் சிவப்புச் சேலையில் ஒரு அம்மாள் கையை ஆட்டினாள். எதிர்வீட்டக்கா கூட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. நாத்தனாருக்கு முன்கூட்டியே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"வாங்க வாங்க! வேன் ஏறுங்க. கோயிலுக்குப் போறீங்கன்னு கவிச்சி இல்லாம எல்லாம் சமைச்சு வச்சிருக்கேன்," என்றாள் நாத்தனார். வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம், போகவே அரை மணிக்கு மேல் ஆகும் என்றாள். போய்ச் சாப்பிட்டுத் திரும்பி, கோயிலும் கும்பிட்டால் தாப்பாவில் மலையேறும் கடைசி பஸ் எங்களுக்கு இல்லை. விடிந்தால் பெரட்டு.

"வர முடியாதுக்கா," என்றேன்.

நாத்தனார் முகம் இருண்டது. "வாசல் வரைக்கும் வந்துட்டு சோறு வேணாமா? எங்க வீட்டுச் சோறு எறங்காதா?"

எதிர்வீட்டக்கா கண் கலங்கி என் கையைப் பிடித்தாள். "நான் மட்டும் போயிட்டு நாளைக்கு வந்துடறேன். நீங்க ஆறு பேரு போங்க."

"ஆறு பேரு நின்னா அது பெரட்டு இல்லக்கா. நம்ம கையால நாமளே எல்லாப் பொம்பளைங்க லீவையும் அழிக்கிற மாதிரி."

அவள் தலை குனிந்தாள். நாத்தனாரைப் பார்த்தால் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. விடியுமுன் எழுந்து ஏழு பேருக்குச் சமைத்தவள். அந்தச் சோறு வீண் போகக் கூடாது, நாங்களும் இங்கிருந்து நகரக் கூடாது. சட்டென்று கேட்டேன்:

"அக்கா, நாங்க கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள சட்டியை எல்லாம் இங்க கொண்டாந்துருவீங்களா?"

"பஸ் ஸ்டாண்டுலயா? நான் என்ன சோத்துக்கடையா வச்சிருக்கேன்?"

"நீங்க சமைச்சதைச் சாப்பிடாம நாங்க மலை ஏற மாட்டோம். ஆனா பஸ்ஸை விட்டுட்டும் சாப்பிட மாட்டோம். இப்ப சொல்லுங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேனில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

வருவாளா, மாட்டாளா என்று தெரியாமலே முருகனைக் கும்பிட்டோம். திரும்பி வந்து பார்த்தால், தாப்பா பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பெஞ்சில் வாழை இலை விரித்து, அண்டா, தூக்குச்சட்டி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருக்கிறாள். "உக்காருங்கடி," என்று அதட்டினாள். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். வருகிறவர் போகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். தாப்பா பஸ்ஸின் மலாய்க்கார டிரைவர் என்ன விசேஷம் என்று கேட்டார். நாத்தனார் அவர் கையில் இரண்டு வடையைத் திணித்தாள். "மக்கான் டூலுலா! மொதல்ல சாப்பிடுங்க. இவங்க முடிக்கிற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க." அவர் சிரித்துக்கொண்டே வடையைக் கடித்தார். அதற்குப் பிறகுதான் நாத்தனார் முகத்திலும் சிரிப்பு வந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக மிச்ச வடையைக் கொடுத்து, "உங்க ஆளு பெரிய தொரை போல," என்றாள் எதிர்வீட்டக்காவிடம். அது திட்டா பாராட்டா என்று நான் கேட்கவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பனி விலகாத நேரத்தில் பெரட்டில் ஏழு பேரும் தோளோடு தோள் சேர்ந்து முன்வரிசையில் நின்றோம். கங்காணி ஒரு தடவை எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"ஏன் கங்காணி, கூடிப் போச்சா?" என்றேன். பின்வரிசை ஆம்பளைகளே சிரித்துவிட்டார்கள். துரை என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். அந்தத் தோட்டத்தில் அவர் ஒரு கொழுந்துக்காரிக்குத் தொப்பியைத் தொட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த கவ்வாத்துக் காலத்தில் கீழ் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள், பயணம் போட்டுத் தரச் சொல்லி. அவர்களுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி நின்றது கங்காணியின் மனைவி.

"என்னையும் சேத்துக்கம்மா. அவருகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு," என்றாள்.

"நான் எதுக்கு? தொரைதான் லீவு குடுத்துட்டாரே. பெரட்டுல வந்து உங்க வீட்டுக்காரருகிட்ட நீங்களே கேளுங்க," என்றேன்.

வந்தாள். அத்தனை பேர் முன்னாலும், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள். கங்காணி தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு, போய்வா என்று தலையை ஆட்டினார்.