பீலியடிச் சண்டை

தொண்ணூறுகளின் கடைசியில் என் மாமியாருக்குக் கண்டியில் குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் காயத்தில் கிருமி தொற்றி, காய்ச்சலும் வீக்கமுமாய்க் கிடந்து, மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் திரும்பியபோது பாதி ஆளாகியிருந்தார். மலை ஏறிக் கொழுந்து பறித்த கால்களில் தோல்தான் தொங்கியது.

கண்டி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்: “உடம்புக்கு உள்ளுக்கை அழற்சி இருந்தால் அது சதையைத்தான் கரைக்கும், பிள்ளை. சதை இல்லாட்டி காயம் லேசிலை ஆறாது, புற்றுநோய்க்கு அடுத்த மருந்து ஏத்தவும் ஏலாது. முட்டை, மீன் குடுங்கோ. நடக்க வையுங்கோ.”

சொல்வது சுலபம். லயத்தில் ஆபரேஷன் என்றால் பத்தியம். முட்டை தின்றால் சீழ் வைக்கும், நடந்தால் தையல் பிரியும் என்று ஆளாளுக்கு ஒரு சட்டம். மாமியாருக்கு அதுதான் வேதம். கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயமும்தான்.

ஒருநாள் காலை, தண்ணீர் பிடிக்கும் பீலியில், லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா என் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். நான் விடுவேனா? சத்தம் லயம்வரை கேட்டது. திரும்பிப் பார்த்தால், சுவரைப் பிடித்தபடி மாமியார் வந்துகொண்டிருந்தார்.

“ஏண்டி, நான் படுத்துட்டா எம் மருமவளுக்குக் கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?”

அன்று மாலையே அக்காவின் வாசலில் போய் நின்றேன். “அக்கா, நாளைக்கும் சண்டை போடுங்க.”

விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தொழிலில் இறங்கினாள். தினமும் திட்டிக்கொண்டே பின்வாங்குவாள், மாமியார் விரட்டிக்கொண்டே நடப்பார். பீலியில் தொடங்கிய சண்டை கோயிலடி வரை நீண்டது. லயமே வேடிக்கை பார்த்தது.

“கஞ்சி குடிக்கிற வாயில இவ்வளவுதான் சத்தம் வரும்” என்றாள் அக்கா ஒருநாள்.

மாமியார் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தார். “முட்டைய அவி. ரெண்டா அவி.”

எனக்கு வந்த சிரிப்பை அடுப்பை ஊதுவதுபோல் மறைத்தேன்.

அடுத்த கிளினிக்கில் டாக்டர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். “சதை பிடிச்சிட்டுது. இனி மருந்து ஏத்தலாம்” என்றார். பஸ்ஸில் வழிநெடுக எனக்குச் சிரிப்பும் கண்ணீருமாக வந்தது.

செய்தியைச் சொன்னதும் அக்கா அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதாள். “அத்தை, எல்லாம் இவ சொல்லித்தான் திட்டுனேன். ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா, நான் கடைசியாப் பேசுனது அந்தப் பேச்சாத்தானே இருந்திருக்கும்?”

மாமியார் மெல்லக் குனிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தெரியும்டி. திட்டுறப்பல்லாம் ஒங் கண்ணு கலங்கிக்கிட்டுத்தானே இருந்துச்சு.”