துளை போதும் என்றார் மருத்துவர்

என் தங்கை மகனுக்கு வயிற்றில் எப்படி அறுவை செய்வது என்று மருத்துவர் கேட்டபோது, அவனைக் கேட்காமல் நான் பதில் சொன்னேன். கேட்டுவிட்டதாகப் பொய்யும் சொன்னேன்.

எங்கள் கடற்கரையில் யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். பாம்பனில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் பேசுவது எனக்குப் புரியும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. நோயாளி படுத்திருப்பான், வாத்தியார் பேசுவார். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது.

மருமகன் நாட்டுப்படகில் வலை இழுப்பவன். வயிறு உப்பி, வாந்தியெடுத்துக்கொண்டே இருந்தான். வாய்வு என்று நினைத்துத் தங்கை ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அதுவும் தங்கவில்லை, காற்றுகூடப் பிரியவில்லை. பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தபோது முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தான்.

ஸ்கேன் பார்த்த பெண் மருத்துவருக்கு என் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். சிறுவயதில் இவனுக்குக் குடல்வால் எடுத்திருந்தோம். அந்தப் பழைய தழும்பிலிருந்து நார்போல ஒன்று வளர்ந்து குடலை இறுக்கியிருக்கலாம், இன்றைக்கே விடுவிக்க வேண்டும் என்றார். சின்னச் சின்னத் துளைகள் போதும், ஒன்றின் வழியாகக் கேமராவை விட்டுச் செய்யலாம் என்றார்.

“உள்ள பாத்துட்டு, முடியாதுன்னு தெரிஞ்சா மட்டும் வயித்தைத் திறந்துருவோம் சார்.”

அந்த ‘முடியாது’தான் என் காதில் விழுந்தது. அவர் முன்னெச்சரிக்கையாகச் சொன்னதை நான் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

“அப்ப மொதல்லயே திறந்துருங்கம்மா. கண்ணால பாத்துச் செஞ்சாத்தான் சரியா இருக்கும்.”

“கேமராலயும் கண்ணாலதான் சார் பாக்குறோம். அவருக்கு நல்லா நினைவிருக்கு. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

“நான் கேட்டுட்டேன். அவனும் திறக்கத்தான் சொல்றான்.”

அவன் கிடந்த கட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான் இருந்தது. மருத்துவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சரி என்று எழுந்துபோனார்.

முடித்துவிட்டு வந்தவர், “ஒரே ஒரு நார்தான் சார். வெட்டினதும் குடல் நிறம் திரும்பிருச்சு” என்றார். குத்திக்காட்டவில்லை. அந்த ஒரு நாரை வெட்டுவதற்காக மருமகனின் வயிறு மேலிருந்து தொப்புளுக்குக் கீழ் வரை பிளந்திருந்தது.

பிழைத்துக்கொண்டான். ஆனால் புண் சீழ் பிடித்தது. அது ஆறிய பிறகு, இருமினால் தையல் போட்ட இடம் பந்துபோலப் புடைத்தது. பாரம் இழுக்கக் கூடாது என்றார்கள். வயிற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கரையில் மீன் பிரிக்க உட்கார்ந்தான்.

“ஏலே, இது எத்தனையாவது மாசம்டா?” என்பார்கள் கூட வலை இழுத்தவர்கள்.

“பொறக்கட்டும், ஒம்பேரத்தான் வைக்கப்போறேன்” என்று அவனும் சிரிப்பான். படகு கிளம்பும்போது மட்டும் வேறு பக்கம் பார்ப்பான்.

அந்தப் புடைப்பைத் துளை வழியாகவே சரிசெய்து, உள்ளே வலைபோன்ற ஒரு துணியை வைத்து அடைக்கலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்ல அவன் வீட்டுக்குப் போனபோது, அன்றைக்கு மருத்துவரிடம் பொய் சொன்னதையும் சொல்லிவிட்டேன். தங்கையும் இருந்தாள்.

அவன் பெல்ட்டின் ஒட்டியைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான்.

“கேட்டிருந்தா நானும் திறக்கத்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ, மாமா. ஆனா எங்கிட்டக் கேட்டிருக்கணும்ல.”

“வெவரம் தெரிஞ்சவுகன்னுதானண்ணே ஒங்களக் கூட்டிட்டுப் போனேன்” என்றாள் தங்கை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து அவனே கிளம்பினான். என்னையும் கூப்பிட்டான். அதே மருத்துவர்தான். அறை வாசலில் நின்று, “நீங்க இங்கன இருங்க மாமா, நான் பேசிட்டு வாரேன்” என்றான்.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. எத்தனை துளை, எந்தெந்தப் பக்கம் என்று கேட்டான். “வலை இழுக்க முடியாதவனுக்கு வயித்துக்குள்ள வலையா?” என்றான். மருத்துவர் சிரிப்பது கேட்டது. பிறகு கேட்டான்:

“எப்பம்மா கடலுக்குப் போகலாம்?”

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வாத்தியார் கேட்கவேயில்லை.

“போகலாம், நாளாகும். வலை இழுக்குறதை மட்டும் இனிமே வேற ஆளு செய்யட்டும்.”

“சரிம்மா, எந்த நாளு வரட்டும்?” என்று கேட்டான்.

துளைகள் சீக்கிரமே ஆறின. இப்போது படகின் பின்னால் உட்கார்ந்து இஞ்சின் ஓட்டுகிறான், இழுப்பது மற்றவர்கள். என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறான். தங்கை பேசுவதில்லை. போன வாரம் அவளுடைய பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆட்டோவில் கொண்டுபோனார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஆட்டோ என் வீட்டைக் கடந்து போனது.