பச்சை எழுத்துப் படங்கள்

பத்மாவதியின் அண்ணர் சிவபாதசுந்தரம் வன்னியில் ஷெல் விழுந்து செத்த செய்தி அவள் இருக்கிற கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்துசேர மூன்று நாளானது. 2009 மாசி. உடல் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்வதும் கல்வெட்டு அடித்துக் கொடுப்பதும்தான் தங்கச்சியால் முடிந்தது. கல்வெட்டு என்றால் தெரியும்தானே, செத்தவரின் வரலாறும் வம்சமும் தேவாரமும் சேர்ந்த சின்னப் புத்தகம். முதல் பக்கத்தில் அவருடைய படம் இருக்கவேண்டும். அந்த ஒரு படத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

வீட்டில் அவருடைய கடதாசிப் படம் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன், சுற்றிவளைப்பு ஓயாத நாளில், புலிகளின் பகுதியான கிளிநொச்சியில் இருக்கிற மச்சானோடு நின்று எடுத்த படம் ஏனென்று பொலிஸ் கேட்டால் என்ன சொல்வது என்று அவள் புருஷன் கனகசபாபதி பயந்தார். மகள் அருந்ததி ஆல்பங்களை ஸ்கான் பண்ணி எக்ஸ்டேர்னல் டிரைவில் ஏற்றினாள். மாமா நிற்கிற படங்களை மட்டும் பொறுக்கி வேறொரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டினாள். கனகசபாபதி பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, பந்தியில் பின்னால் தெரிந்த மச்சானின் அரை முகத்தைக்கூட விடவில்லை. பிறகு அவர் நிற்கிற கடதாசிப் படங்களைக் குசினி அடுப்பில் எரித்தார்கள். பத்மாவதியின் தங்கை றஞ்சிதம் வீட்டிலும் அதே கதைதான்.

அருந்ததி கனடா போன பிறகு, பக்கத்து ஃபிளாட்டில் தேடுதலுக்கு வந்தவர்கள் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாளே கனகசபாபதி தங்கள் கொம்பியூட்டரை முழுக்கத் துடைப்பித்து, வின்டோஸைப் புதிதாகப் போடுவித்தார். படங்கள் டிரைவில் பத்திரம்தானே என்ற நினைப்பு.

இப்போது டிரைவைக் கொழுவி ஃபோல்டரைத் தட்டினால் ‘அக்சஸ் டினைட்’ என்று வந்தது. மாளிகாவத்தையிலிருந்து கொம்பியூட்டர் திருத்துகிற புவாத் வந்தான்.

“பயப்படாதீங்க ஆன்டி, டிரைவ் பழுதில்ல. இது பழைய வின்டோஸ்ல மகள்ட பேர்ல ஈக்கி. புது வின்டோஸுக்கு உங்கள ஆருண்டே தெரியா. ஓனர அங்கிள்ட பேருக்கு மாத்தினா சரி.”

“பிள்ளையைப் பெத்த எங்களையே ஆரெண்டு கேக்குதோ?” என்றாள் பத்மாவதி.

“இந்த வீட்டில என்னை ஓனர் எண்டு சொன்ன முதல் ஆள் நீர்தான் தம்பி,” என்றார் கனகசபாபதி. பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

புவாத் செக்கியூரிட்டி பக்கத்தைத் திறந்து ஓனரை மாற்றினான். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அருந்ததியின் கலியாணம், றஞ்சிதத்தின் வீடு குடிபூரல், எல்லாம் வந்தன. பத்மாவதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தாள். கடைசியாக ‘மாமா’ ஃபோல்டர் திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். பெயர்கள் எல்லாம் பச்சை எழுத்து. ஒன்றும் திறக்கவில்லை.

புவாத் மௌஸிலிருந்து கையை எடுத்தான். “ஆன்டி, மத்ததெல்லாம் கதவ மட்டும் சாத்தி வச்சது. இது படத்தயே கலைச்சு வச்சது. இதுக்குச் சாவி பழைய வின்டோஸுக்குள்ள இருந்திச்சு. மகள் அத வேற எங்கயும் எடுத்து வச்சாவா?”

ரொறொன்ரோவுக்கு, மகளுக்குப் போன் எடுத்தார்கள். “சாவியோ? அப்பிடி ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாதம்மா. பச்சையா வந்தா ஆரும் பாக்கேலாது எண்டு மட்டும்தான் தெரியும்,” என்று அருந்ததி அழுதாள்.

கனகசபாபதி எழும்பி ஜன்னலடிக்குப் போனார். “துடைக்கச் சொன்னது நான்தானே,” என்றார். பத்மாவதி ஏதாவது ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்வெட்டு அடிக்கிற கொட்டாஞ்சேனை அச்சகத்துக்காரர் இரண்டு நாள் பொறுத்தார். பிறகு கேட்டார்: “அம்மா, குத்துவிளக்குப் படம் ஒண்டு கிடக்கு. அதைப் போடட்டோ?”

“போடுங்கோ.”

அந்தியேட்டியன்று சாப்பாடு முடிந்து கல்வெட்டு கொடுத்தார்கள். றஞ்சிதத்தின் புது மருமகள், போன வருடம்தான் கலியாணம் முடித்து வந்தவள், முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“மாமா என்ன மாதிரி இருப்பார் பெரியம்மா?”

“நல்ல உயரம்,” என்றாள் பத்மாவதி. “நெத்தி அகலம். மூக்கு...”

மூக்கோடு நின்றுவிட்டாள். மருமகள் காத்திருந்தாள். பத்மாவதி அறைக்குள் றஞ்சிதத்தை எட்டிப் பார்த்து, “எடி, அண்ணற்றை மூக்கு எப்பிடி?” என்று கேட்டாள்.

றஞ்சிதமும் யோசித்தாள்.